வேலையும் பார்த்து, பிள்ளையும் பார்த்து உடம்பைக் குறைக்க: நம் பக்கத்து அம்மாக்கள் கேட்கும் கேள்விகள்

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானுக்கு (குடியிருப்புக்கு)ப் பின்னால் இருக்கிற கோயில் மண்டபத்தில், செவ்வாயும் வியாழனும் மாலையில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் கூடி உடற்பயிற்சி செய்கிறோம். செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்பவர்கள், ஆலையில் ஷிஃப்ட் பார்ப்பவர்கள், ஆயா வீடு நடத்துபவர், இரண்டு டீச்சர்கள் என்று கலவையான கூட்டம். நான் டாக்டரும் இல்லை, பயிற்சியாளரும் இல்லை. மூன்று பிள்ளைகளுக்கு அம்மா, கடையில் கணக்கெழுதுகிறேன். 155 சென்டிமீட்டர் உயரத்துக்கு 74 கிலோ இருந்தேன். பதினான்கு மாதத்தில் 63-க்கு வந்தேன். புதிதாக வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான், அதனால் எழுதி வைத்துவிட்டேன்.

காலையிலிருந்து ராத்திரி வரை ஓடிக்கொண்டேதான் இருக்கிறேன். ஏன் உடம்பு குறையமாட்டேன் என்கிறது?

எல்லாரும் முதலில் கேட்பது இதுதான். நானும் கேட்டிருக்கிறேன், கொஞ்சம் கோபமாகவே.

என் பாட்டி ரப்பர் மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு)ப் போய்விட்டு, மேட்டிலும் பள்ளத்திலும் 400, 500 மரம் வெட்டுவார். அப்புறம் மறுபடியும் அதே நிரையில் நடந்து மரத்தில் மாட்டிய மங்கில் (கிண்ணத்தில்) இருக்கும் பாலைச் சேர்த்து, தோளில் சுமக்கும் காண்டாக் கம்பில் இரண்டு வாளியைத் தொங்கவிட்டுக்கொண்டு ஸ்டோருக்கு வருவார். வீட்டுக்கு வந்ததும் ஒரு மங்குத் தட்டு நிறையச் சோறு, ஓரத்தில் குழம்பு, கருவாடு. அந்த உழைப்புக்கு அந்தச் சோறு தேவைப்பட்டது.

தட்டு மட்டும் அப்படியே நம்மிடம் வந்துவிட்டது. மலையும் வாளியும் வரவில்லை. துணியை மெஷின் துவைக்கிறது, பள்ளிக்கு மோட்டாரில் போகிறோம், வேலையில் உட்கார்ந்தோ ஒரே இடத்தில் நின்றோ எட்டு மணி நேரம் கழிகிறது. அலுப்பு இருக்கிறது, அது பொய்யில்லை. ஆனால் அலுப்பு வேறு, உடம்பு செலவழிக்கும் சக்தி வேறு. தூக்கம் போதாமல், பத்து விஷயம் மண்டையில் ஓடி வருகிற களைப்பு கொழுப்பைக் கரைக்காது. சொல்லப்போனால் பசியைத்தான் கூட்டும்.

அதனால் நான் வேலையைப் பிரித்துக்கொண்டேன்: எடை குறைவது பெரும்பாலும் அடுப்படியில், பலம் வருவது பயிற்சியில். ஒன்றை மட்டும் செய்துவிட்டு மற்றது கிடைக்கவில்லையே என்று கவலைப்பட்டால் பாதியில் விட்டுவிடுவோம்.

நான் எத்தனை கிலோ இருக்க வேண்டும்?

கிலோ எடையை மீட்டர் உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வருவதுதான் பிஎம்ஐ. பொதுவாக 25-க்கு மேல் போனால் அதிக எடை என்பார்கள். ஆனால் ஆசியர்களுக்கு அதற்கு முன்பே இனிப்பு நீரும் (சர்க்கரை நோயும்) இதய நோயும் வருவதால், நம் ஊர் மருத்துவ வழிகாட்டியில் 23-லிருந்தே அதிக எடை, 27.5-லிருந்து உடல் பருமன். என் உயரத்துக்கு 23 என்றால் 55 கிலோ, 27.5 என்றால் 66 கிலோ. 63-இல் இருக்கும் நான் இன்னும் அதிக எடைதான், ஆனால் பருமன் கணக்கிலிருந்து வெளியே வந்துவிட்டேன். எனக்கு இப்போதைக்கு அது போதும்.

தராசு இல்லையா? தையல் டேப் போதும். தொப்புளுக்குச் சற்று மேலே, மூச்சை விட்டுவிட்டு, வயிற்றை உள்ளே இழுக்காமல் அளந்து பாருங்கள். பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருந்தால் நல்லது. 2023-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில், மலேசியாவில் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினருக்கு எடை அதிகம் என்று வந்தது. ஆக, மண்டபத்தில் நீங்கள் மட்டும் குண்டாகத் தெரிவீர்கள் என்று பயப்படவே வேண்டாம்.

சோற்றை விட்டுவிட வேண்டுமா அக்கா?

வேண்டாம். விட்டவர்கள் எல்லாரும் மூன்றாவது வாரம் திரும்பி வந்து இரண்டு மடங்கு சாப்பிட்டதைப் பார்த்திருக்கிறேன்.

கிளினிக் சுவரில் ஒட்டியிருப்பார்களே, 'சுக்கு-சுக்கு செப்பாரு' என்று. தட்டில் கால்பங்கு சோறு, கால்பங்கு மீனோ கோழியோ முட்டையோ பருப்போ, மீதிப் பாதி காய்கறியும் பழமும். கேட்க எளிதாக இருக்கும். நம் தட்டில் போட்டுப் பார்த்தால்தான் சிக்கல் தெரியும். நமக்குச் சோறு நடுவில் மலை மாதிரி, காய் ஓரத்தில் ஊறுகாய் மாதிரி. அதிலும் உருளைக்கிழங்கு பிரட்டலைக் காய் கணக்கில் சேர்த்துவிடுகிறோம். அது சோற்றின் பங்காளி.

நான் செய்தது இதுதான். பரிமாறும் வரிசையை மாற்றினேன். முதலில் தட்டில் காயும் கீரையும் வைத்துவிடுவேன், அப்புறம் மீன், கடைசியில் மிச்சமிருக்கிற இடத்தில் சோறு. அகப்பையால் அள்ளிப் போடுவதை நிறுத்திவிட்டு, பிள்ளையின் பிளாஸ்டிக் கிண்ணத்தால் ஒரு கிண்ணம் அளந்து போட்டுக்கொள்வேன். முதல் பத்து நாள் தட்டு வெறிச்சென்று இருப்பது போலத் தெரிந்தது. அப்புறம் பழகிவிட்டது.

காய்க்குக் காசு எங்கே என்று கேட்பீர்கள். தோட்டத்து வீட்டில் முருங்கை இல்லாத வேலி உண்டா? பாயாம், கங்கோங் கீரையெல்லாம் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) இன்றும் மலிவுதான். முட்டையும் தெம்பேயும் (புளிக்க வைத்த சோயா கட்டி) கோழியை விடக் கட்டுப்படியாகும். குழம்பில் போடும் புடலங்காயையும் வெண்டைக்காயையும் இரண்டு மடங்காக்கினால் போதும், தனியாக சாலட் எல்லாம் தேவையில்லை. யார் இந்த வீட்டில் சாலட் சாப்பிடப் போகிறார்கள்.

எண்ணெய் எவ்வளவு ஊற்றுகிறோம் என்று எப்படித் தெரியும்?

பாக்கெட்டை எண்ணுங்கள். ஒரு கிலோ பாக்கெட், 2 வெள்ளி (ரிங்கிட்) 50 காசு, உதவித்தொகை விலையில் வாங்குகிறோமே, அதையேதான். எங்கள் வீட்டில் ஐந்து பேர், மாதம் ஐந்து பாக்கெட் தீரும். 5,000 கிராமை முப்பது நாளுக்கும் ஐந்து பேருக்கும் பிரித்துப் பார்த்தேன். ஓர் ஆளுக்கு ஒரு நாளுக்கு 33 கிராம், ஏறக்குறைய 300 கலோரி. இது வீட்டு எண்ணெய் மட்டும். வெளியில் தின்கிற ரொட்டி சானாயும் பிசாங் கோரெங்கும் இதில் சேர்த்தி இல்லை.

இப்போது மூன்று பாக்கெட். ஆளுக்கு ஒரு நாளுக்கு 120 கலோரி குறைந்தது. அரை மணி நேரம் விறுவிறுப்பாக நடந்தால் என் எடைக்கு 130, 150 கலோரிதான் செலவாகும். மாதம் இரண்டு பாக்கெட் எண்ணெய் குறைத்தது, வீட்டில் ஒவ்வொருவரும் தினமும் கிட்டத்தட்ட அந்த நடை நடந்ததற்குச் சமம்.

எப்படிக் குறைந்தது என்றால், பாக்கெட்டிலிருந்து நேராகச் சட்டியில் ஊற்றுவதை நிறுத்தினேன். கரண்டியால் அளந்துதான் ஊற்றுவேன், ஒரு மேசைக்கரண்டி 120 கலோரி என்று மனதில் சொல்லிக்கொண்டே. மீனைத் தினமும் பொரிக்காமல் வாரம் நான்கு நாள் குழம்பில் போட்டுவிடுவேன். பொரித்த எண்ணெயை வைத்து அடுத்த நாள் தாளிப்பதும் போயிற்று. ஆலிவ் எண்ணெய் வாங்கலாமா என்று டீச்சர் ஒருவர் கேட்டார். நம்மைச் சுற்றி நிற்கிற செம்பனை மரத்து எண்ணெயில் ஏறக்குறைய பாதி நிறைகொழுப்பு, ஆலிவில் அது குறைவு, உண்மைதான். ஆனால் கலோரி இரண்டிலும் ஒன்றுதான். அளவைக் குறைக்காமல் புட்டியை மாற்றினால் பணம்தான் மெலியும்.

தே தாரிக் ஒரு நாளைக்கு ஒன்று பரவாயில்லையா?

ஒன்று என்றால் பரவாயில்லை. ஆனால் காலையில் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டி வருகிற வழியில் ஐஸ் மைலோ ஒன்று என்று எண்ணிப் பாருங்கள். தே தாரிக்கில் ஊற்றும் கெட்டிப்பாலில் ஏறக்குறைய பாதி சீனி. டின்னைத் திருப்பிப் படித்தால் பலவற்றில் 'கிரிமர்' என்று இருக்கும், அதில் இருப்பது பால் கொழுப்பு அல்ல, செம்பனை எண்ணெய். நாம் அறுத்த குலை நம் கிளாஸுக்கே வந்து சேர்கிறது.

நான் 'தே ஓ கோசோங்' (பாலும் சீனியும் இல்லாத தேநீர்) சொல்லப் பழகினேன். முதல் வாரம் கஷாயம் குடிப்பது போலத்தான் இருந்தது. முடியாதவர்கள் 'குராங் மானிஸ்' (இனிப்புக் குறைவாக) என்று ஆரம்பித்து மாதத்துக்கு மாதம் குறைக்கலாம்.

பிள்ளைகள் மிச்சம் வைத்ததை எறிய மனசு வரவில்லை.

எனக்கும் வராது. அதனால் குறைத்துப் போடுகிறேன், கேட்டால் மறுபடி போடுகிறேன். மிஞ்சியது டப்பாவுக்குப் போகிறது, என் வாய்க்கு அல்ல. பாதி நகெட், மூன்று வாய் மேகி மீ, கடித்து வைத்த கெரோப்போக் எல்லாம் நின்றுகொண்டே தின்றதால் சாப்பாட்டுக் கணக்கில் வராது என்று நினைத்திருந்தேன்.

பயிற்சிக்கு நேரமே இல்லை. எப்போதுதான் செய்வது?

உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்ன அளவு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம், மூச்சு கொஞ்சம் வாங்குகிற அளவு அசைவு. அதோடு இரண்டு நாளாவது தசைக்கு வேலை. முன்பு ஒரேயடியாகப் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்றிருந்தது, அந்த நிபந்தனையை இப்போது எடுத்துவிட்டார்கள். குக்கர் விசில் வருவதற்குள் செய்த நான்கு நிமிடமும் கணக்கில் சேரும். அம்மாக்களுக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது.

என் நாள் இப்படிப் போகிறது. காலை ஐந்தரைக்குச் சோறு உலையில் இருக்கும்போது அடுப்படியிலேயே தோப்புக்கரணம் இருபது. சிரிக்காதீர்கள், பிள்ளையாருக்குப் போடுகிற அதேதான். காதைப் பிடிக்க வேண்டிய அவசியமில்லை. பாதத்தைத் தோள் அகலத்துக்கு வைத்து, பின்னால் ஒரு முக்காலி இருப்பது போல நினைத்து, குதிகால் தரையில் பதிந்தபடியே உட்கார்ந்து எழ வேண்டும். மூட்டு வலி இருந்தால் உண்மையிலேயே நாற்காலி போட்டு, உட்கார்ந்து கை ஊன்றாமல் எழுங்கள். இருபது முடிந்ததும் சுவரில் கை வைத்துத் தண்டால் பதினைந்து. சுவர் சுலபமானால் சிங்க் விளிம்பு, அப்புறம் கட்டில் விளிம்பு. இரண்டுக்கும் சேர்த்து ஐந்து நிமிடம்.

மத்தியானம் சாப்பிட்டதும் கடைக்குப் பின்னால் பத்து நிமிட நடை. சாப்பிட்ட பிறகு நடந்தால் இரத்தத்தில் சீனி ஏறுவது மட்டுப்படும். குடும்பத்தில் இனிப்பு நீர் உள்ளவர்கள் வேறு எதை விட்டாலும் இதை விட வேண்டாம்.

ராத்திரி பாத்திரம் கழுவி முடித்ததும் பத்து நிமிடம், பாய் விரித்து. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை மட்டும் தூக்கி இறக்குவது பதினைந்து. அடுத்து ஐந்து கிலோ அரிசிப் பை. அதை மார்போடு அணைத்துக்கொண்டு, முதுகை வளைக்காமல் இடுப்பிலிருந்து குனிந்து நிமிர்வது பத்து. ஒன்றரை லிட்டர் தண்ணீர் புட்டிகள் இரண்டை இரு கையிலும் பிடித்துத் தலைக்கு மேல் தூக்குவது பத்து. எல்லாவற்றையும் இரண்டு சுற்று. கடைசி இரண்டு மூன்று முறை கஷ்டமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். அரிசி தீர்ந்துபோன வாரத்தில் என் சின்னவன் பையில் ஏறி உட்கார்ந்துகொண்டு "என்னைத் தூக்கும்மா" என்பான். அவன் பதினாறு கிலோ. மூன்று முறைக்கு மேல் முடியாது.

இதை ஏழு நாளும் செய்கிறேன் என்று சொன்னால் பொய். நான்கு நாள் நிச்சயம், ஐந்து நாள் நல்ல வாரம். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் எதுவும் கிடையாது, அடுத்த வாரம் விட்ட இடத்திலிருந்து ஆரம்பம்.

ட்ரெட்மில் வாங்கலாமா?

தவணையில் வாங்கி, அதன் மேல் துணி காயப்போட்டிருக்கும் மூன்று வீட்டை எனக்குத் தெரியும். முதலில் நல்ல சப்பாத்து (ஷூ) ஒரு ஜோடி வாங்குங்கள். நான் சிலிப்பரோடு சிமெண்டு தரையில் கயிறு தாண்டி, முழங்கால் வீங்கி இரண்டு மாதம் நொண்டினேன்.

வெளியில் நடக்கலாம் என்றால் நாய், லாரி, மழை...

தோட்டத்து ரோடு பார்க்க அழகாக இருக்கும், தனியாகப் போகாதீர்கள். குலை ஏற்றிய லாரி வளைவில் வருவது கடைசி நிமிடம் வரை தெரியாது, விடியற்காலையும் பொழுது சாய்ந்த பிறகும் பாம்பு நடமாட்டமும் உண்டு. பள்ளித் திடல், கோயில் வளாகம், தாமானின் உள்வீதி போதும். இரண்டு பேராகப் போனால் நாயும் கொஞ்சம் யோசிக்கும். மாலை மழை பிடித்துக்கொண்டால் வீட்டுக்குள் நின்ற இடத்திலேயே நடங்கள், ஒரு நாடகம் முடிவதற்குள் அரை மணி நேரம் ஓடிவிடும். புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக் குறியீடு 100-ஐத் தாண்டினால் வெளி நடை வேண்டாம்.

பிள்ளை பெற்று மூன்று மாதம்தான் ஆகிறது. ஆரம்பிக்கலாமா?

சுகப் பிரசவமாக இருந்தால் மெதுவான நடையை உடம்பு கேட்கும்போதே ஆரம்பிக்கலாம். மற்ற பயிற்சிகளுக்கு ஆறு வாரப் பரிசோதனையில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆப்பரேஷன் என்றால் இன்னும் பொறுமை, அரிசிப் பை எல்லாம் அப்புறம். முதலில் மூச்சோடு சேர்த்து அடிவயிற்றை மெல்ல உள்ளிழுப்பதும், சிறுநீரை அடக்குவது போல உள்தசையை இறுக்கித் தளர்த்துவதும் போதும். தும்மினால் ஈரமாகிவிடுகிறது என்று வெட்கப்பட்டுக்கொண்டே நம் பெண்கள் வருடக்கணக்கில் சொல்லாமல் இருக்கிறார்கள். இந்தப் பயிற்சிதான் அதற்கு முதல் மருந்து, கிளினிக் மிஸ்ஸியிடம் (நர்ஸிடம்) கேட்டால் காட்டிக் கொடுப்பார்.

படுத்துத் தலையைத் தூக்கும்போது நடு வயிறு கூரை மாதிரிக் கூம்பி நிற்கிறதா? தசை இரண்டாகப் பிரிந்திருக்கலாம். படுத்து எழும் வயிற்றுப் பயிற்சிகளை நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

வயிறு கட்டுவதைப் பற்றியும் கேட்பார்கள். இடுப்புக்குத் தெம்பாக இருக்கும், கட்டலாம். கொழுப்பை அது கரைக்காது. தாய்ப்பால் கொடுப்பவர்கள் பட்டினி கிடக்கவே வேண்டாம், சீனியையும் பொரியலையும் குறைத்தாலே போதும். கர்ப்பத்தில் இனிப்பு நீர் இருந்தவர்கள் மட்டும் இதை மறக்காதீர்கள்: பிரசவமாகி ஆறு வாரத்தில் ஒரு சோதனை, அப்புறம் வருடா வருடம். பிள்ளையின் ஊசி அட்டையை ஒழுங்காக வைத்திருக்கிறோம், நம் அட்டை எங்கே என்று தெரிவதில்லை.

தொப்பை மட்டும் குறைய ஏதாவது இருக்கிறதா?

இல்லை. எங்கே முதலில் குறைய வேண்டும் என்பதை உடம்புதான் முடிவு செய்யும். எனக்கு முதலில் முகம் ஒட்டியது. பார்த்தவர்கள் எல்லாம் "உடம்பு சரியில்லையா?" என்றார்கள்.

மெலிய வைக்கும் காப்பி, ஜூஸ், மாத்திரை?

நான் ஒரு முறை குடித்திருக்கிறேன். தெரிந்தவர் ஒருவர் விற்றார், பெட்டி 89 வெள்ளி. மூன்று நாள் பசியே இல்லை, ஆகா என்றிருந்தது. நான்காம் நாள் நெஞ்சு படபடவென்று அடித்து, ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. மிச்சத்தைச் சிங்க்கில் கொட்டினேன்.

இந்த மாதிரிப் பொருள்களில் சிபுட்ராமின் என்ற மருந்தைச் சொல்லாமல் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பல முறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. பசியை அடக்கும் மருந்து அது. மாரடைப்பு, பக்கவாத ஆபத்து கூடுகிறது என்று தெரிந்து 2010-இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சந்தையிலிருந்து எடுத்துவிட்டார்கள். வேறு சிலவற்றில் பேதி மருந்து இருக்கும். அதில் குறைவது தண்ணீர்தான், கொழுப்பு இல்லை. மாத்திரை வகை என்றால் 'எம்ஏஎல்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஒளிரும் முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவு எண்ணைப் பொய்யாக அச்சடிப்பவர்களும் உண்டு, அதனால் எண்ணை அமைச்சின் மருந்துப் பிரிவு இணையப் பக்கத்தில் போட்டுப் பார்ப்பது நல்லது. ஒரு வாரத்தில் ஐந்து கிலோ என்று சொன்னால் பார்க்கவே வேண்டியதில்லை. வாரத்துக்கு அரைக் கிலோ, மிஞ்சினால் ஒரு கிலோ, அதுதான் உடம்பு தாங்கும் வேகம்.

புரட்டாசி சைவத்தில் எடை குறையுமா?

எனக்கு ஒரு வருடம் இரண்டு கிலோ ஏறியது. மாமிசம் போய், அந்த இடத்துக்குப் பொரித்த 'சைவக் கோழி'யும் (கோழி போலச் செய்தது) அப்பளமும் கூடுதல் சோறும் வந்துவிட்டன. பருப்பு, தவ்ஃபூ, கொண்டைக்கடலை என்று புரதத்தைப் பார்த்து வைத்தால் குறையும்.

வீட்டில் கிண்டல் செய்கிறார்கள். மாமியார் "சாப்பிடாமல் கிடக்கிறாள்" என்கிறார்.

என் மாமியாரும் அப்படித்தான். விளக்கம் சொல்லிப் பயனில்லை. அவருக்குத் தனியாக, எனக்குத் தனியாகச் சமைத்தால் சண்டைதான் வரும். எல்லாருக்கும் ஒரே குழம்பு, என் தட்டில் மட்டும் அளவு வேறு. சில மாதம் கழித்து அவருக்குச் சீனி அளவு கூடியிருப்பதாகக் கிளினிக்கில் சொன்னார்கள். மறுநாள் காலை, "அந்தச் சின்னக் கிண்ணம் எங்கே?" என்று அவரே கேட்டார்.

மூன்று மாதமாகக் குறைந்தது, இப்போது நின்றுவிட்டது.

நிற்கும். எடை குறையக் குறைய உடம்புக்கு வேண்டிய சக்தியும் குறைகிறது. ஒரு வாரம் வாயில் போட்ட எல்லாவற்றையும் எழுதிப் பாருங்கள், எங்கேயாவது ஒரு முறுக்கு டின் ஒளிந்திருக்கும். தூக்கத்தையும் பாருங்கள். தராசு நின்ற இரண்டு மாதத்தில் என் இடுப்பளவு நான்கு சென்டிமீட்டர் இறங்கியது.

எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்?

இனிப்பு நீருக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சாப்பாட்டைக் குறைப்பதற்கு முன்பே பார்க்க வேண்டும், சீனி திடீரென இறங்கி மயக்கம் வரலாம். நடக்கும்போது நெஞ்சு இறுக்கமோ தலைச்சுற்றலோ வந்தால் அன்றே. எவ்வளவு கட்டுப்படுத்தியும் எடை ஏறிக்கொண்டே போனாலோ, மாதவிலக்கு தவறித் தவறி வந்தாலோ தைராய்டு கோளாறோ சினைப்பை நீர்க்கட்டியோ இருக்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான். 40 வயது நிறைந்து, அரசின் ரொக்க உதவி பெறும் குடும்பமாக இருந்தால், பெக்கா பி40 திட்டத்தில் இலவசப் பரிசோதனை உண்டு.

செவ்வாய்க்கிழமை வர வேண்டுமானால் என்ன கொண்டுவர வேண்டும்?

தண்ணீர், துண்டு, சப்பாத்து. சுடிதாரோடு வரலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பிள்ளைகளை விட்டுவிட்டு வர முடியாதென்றால் கூட்டி வாருங்கள். தோப்புக்கரணத்துக்கு எண்ணுகிற வேலை அவர்களுக்குத்தான். என் சின்னவன் எண்ணினால் மட்டும் கவனம், பதினான்கை விட்டுவிட்டு மறுபடியும் பதினொன்றிலிருந்து ஆரம்பிப்பான்.